அப்பாவின் பெட்டிக்கு ஒரு பிளேயர்

போன தீபாவளிக்கு வீட்டில் புது டிவி வாங்கினோம். 55 அங்குலம். கடையிலிருந்து வந்த இருவர் அதை மேசைமேல் நிறுத்திவிட்டுப் போனதும் பையன் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். அப்பா மட்டும் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"செவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு ஓட்டை இருக்குமே. அது எங்க?"

இல்லை. இப்போது வரும் பல டிவிகளில் அந்த மூன்று வண்ணத் துளைகள் கிடையாது. எச்டிஎம்ஐ துளைதான். எங்கள் பழைய டிவிடி பிளேயருக்கோ அந்த மூன்று வயர்தான் தெரியும். அப்பா தலையை வெளியே எடுத்தார். "அப்ப என் சிடியெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் போய்விட்டார்.

அப்பாவுக்கு எல்லாமே சிடிதான். விசிடி, டிவிடி, புளூ-ரே எதுவானாலும் சிடி. அவருக்கு வயது 76. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கட்டிலுக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் இருக்கின்றன. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட வட்டுகள். பெரும்பாலானவை சிராங்கூன் ரோட்டிலும் அதன் கிளைச் சாலைகளிலும் வாங்கியவை. அந்தக் காலத்தில் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, கையோடு ஒரு படமும் வாங்கி வருவார். அம்மா பையைப் பிரித்து, "மீன் எத்தனை வெள்ளி, படம் எத்தனை வெள்ளி?" என்று தனித்தனியாகக் கணக்குக் கேட்பார்.

விசிடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு விசிடியில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். நம் படங்களோ இரண்டரை மணி நேரம், மூன்று மணி நேரம். அதனால் ஒரு படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள். கதாநாயகி அழத் தொடங்கும் நேரத்தில் வட்டு முடிந்துவிடும். எழுந்து மாற்றுவது என் வேலை. அம்மாவுக்கு அதுதான் இடைவேளை. அடுப்பில் தேநீர் வைத்துவிட்டு வருவார்.

எனக்கும் அப்பாவுக்கும் அன்று ஒரு வாக்குவாதம் நடந்தது. எல்லாப் படமும் இப்போது இணையத்தில் கிடைக்கிறது, மாதச் சந்தா கட்டியாகிவிட்டது, பெட்டியைக் கட்டிப் போட்டுவிடலாம் என்றேன். அப்பா மறுத்துப் பேசவில்லை. ரிமோட்டை வாங்கி ஒரு பழைய சிவாஜி படத்தைத் தேடித் தரச் சொன்னார். தேடினேன். போன மாதம் நான் பார்த்த இடத்தில் அது இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் படத்தை எடுத்துவிடுவார்கள். வேறொரு சேவையில் இருந்தது. அதற்குத் தனிச் சந்தா.

"கட்டிலுக்குக் கீழே இருக்கறதை யாரு எடுப்பா?" என்றார் அப்பா.

அத்தோடு நான் தோற்றேன். ஒரு பிளேயர் வாங்குவது என்று முடிவானது.

முதலில் செய்த தவறு

டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து என் சித்தி மகன் குடும்பத்தோடு வந்தான். "அங்கே மலிவாகக் கிடைக்கும், நான் வாங்கி வருகிறேன்" என்றான். நானும் சரி என்றேன். நல்ல பிராண்ட், கைக்கு அடக்கமான புளூ-ரே பிளேயர். எச்டிஎம்ஐ வயரை மாட்டினோம். பையனின் கார்ட்டூன் புளூ-ரே அற்புதமாக ஓடியது. அப்பா தம் பெட்டியிலிருந்து ஒரு விசிடியைக் கொடுத்தார். வட்டை வாங்கிக்கொண்ட பிளேயர், சிறிது நேரம் முனகிவிட்டு வெளியே தள்ளியது. ஒரு டிவிடியைப் போட்டோம். 'இந்த வட்டை ஓட்ட முடியாது' என்று திரையில் எழுத்து வந்தது.

பிளேயர்மீது குற்றமில்லை. விசாரிக்காமல் வாங்கிய என் மீதுதான். பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் புரிந்தன.

முதலாவது, ஒளிபரப்பு முறை. சிங்கப்பூர், இந்தியா, பிரிட்டன் ஆகியவை பால் என்ற முறையைப் பின்பற்றியவை. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி. இங்கே விற்கும் பிளேயர்கள் பொதுவாக இரண்டையும் படிக்கும். அமெரிக்காவில் விற்பவற்றில் பல, பால் டிவிடிகளைத் தொடாது.

இரண்டாவது, வட்டார எண். உலகத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்து வட்டு இன்னொரு வட்டாரத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டு போட்டிருக்கிறார்கள். டிவிடிக்கு சிங்கப்பூர் 3, இந்தியா 5, பிரிட்டன் 2, அமெரிக்கா 1. புளூ-ரேக்கு மூன்றே எழுத்துகள். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியா சி. ஊருக்குப் போகும்போது சென்னையில் வாங்கிவரும் புளூ-ரே பிளேயர் இங்குள்ள ஏ வட்டுகளை மறுக்கலாம். இங்கு வாங்கிய பிளேயர் சி பூட்டு போட்ட வட்டை மறுக்கும். நல்ல வேளையாக, லண்டனிலிருந்து அய்ங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் எல்லா வட்டாரத்துக்கும் பொதுவானவை. அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிவிடியில் சிறு உலக உருண்டைக்குள் எண் இருக்கும். புளூ-ரேயில் அறுகோணத்துக்குள் எழுத்து இருக்கும்.

மூன்றாவது, விசிடி. புளூ-ரே என்றால் அதற்கு முந்தைய எல்லாவற்றையும் ஓட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். டிவிடியை ஓட்டும். விசிடியைப் பல பிளேயர்கள் ஓட்டாது. ஆசியாவுக்கு வெளியே விசிடியை வைத்திருந்தவர்கள் குறைவு. அதனால் பல நிறுவனங்கள் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவின் பெட்டியில் பாதிக்குமேல் விசிடி.

சித்தி மகன் வாங்கி வந்தது இப்போது பையனின் அறையில் இருக்கிறது.

பையில் நான்கு வட்டுகள்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கிளம்பினோம். இந்த முறை ஒரு துணிப்பையில் நான்கு வட்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒரு விசிடி. ஒரு தமிழ் டிவிடி. ஒரு புளூ-ரே. நான்காவதை அப்பாவே உறையில் சுற்றிக் கொடுத்தார். 2009ல் திருக்கடையூரில் நடந்த அவர்களுடைய மணிவிழா வீடியோ. இரண்டு வட்டுகளில் முதலாவது. ஊர் வீடியோகாரர் கணினியில் பதிந்து கொடுத்தது. அம்மா 2011ல் காலமானார்.

புளூ-ரே பற்றி ஒரு வெட்கக் கதை உண்டு. சத்யஜித் ராயின் அபு முப்படங்களை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015ல் புளூ-ரேயாக வெளியிட்டது. 1993ல் லண்டனில் நடந்த தீ விபத்தில் சேதமடைந்த மூல நெகட்டிவ்களிலிருந்து மீட்க முடிந்ததை எல்லாம் மீட்டுச் சீரமைத்த பதிப்பு. ஆசையில் வாங்கிவிட்டேன். ஓட்டிப் பார்க்க வீட்டில் பிளேயர் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக நெகிழி உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அப்பாவைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை.

முதலில் தேக்கா. அப்பாவோடு போனால் அங்கே சாப்பிடாமல் எந்த வேலையும் தொடங்காது. சாப்பிட்டுவிட்டு, அவர் வழக்கமாகப் படம் வாங்கிய கடையைத் தேடிப் போனோம். அந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. உள்ளே இருந்த தம்பியிடம், "சிடி இருக்கா?" என்று கேட்டார். "டிஸ்க்கா? இப்ப யாருங்கய்யா கேக்கறாங்க" என்றான் அவன். சையது ஆல்வி ரோட்டுக்கு நடந்து முஸ்தபாவையும் ஒரு சுற்று பார்த்தோம். பிறகு ரோச்சோர் பக்கம் நடந்து சிம் லிம் ஸ்குவேர்.

சிம் லிம்மில் முதல் கடையிலேயே வாங்கக்கூடாது, விலை கேட்டுக்கொண்டே ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்பது அப்பா காலத்துப் பாடம். சுற்றினோம். பிளேயர் வைத்திருக்கும் கடைகளே விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. காரணம் தெரிந்ததுதான். ஓப்போ 2018ல் இந்தத் தொழிலைவிட்டு விலகியது. சாம்சுங் 2019ல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாடல் இல்லை என்றது. நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், 2024 டிசம்பரில், எல்ஜியும் நிறுத்திவிட்டது என்ற செய்தி வந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா தன் எச்டி டிவிடியைக் கைவிட்டபோது புளூ-ரே போட்டியில் வென்றதாக எல்லோரும் எழுதினார்கள். பதினேழு ஆண்டுகளில் வென்றவருக்கே கடையில் இடம் சுருங்கிவிட்டது.

நான்காவது கடையில் ஒரு சீன அங்கிள். அப்பா வயதுதான் இருக்கும். பையிலிருந்து நான்கு வட்டுகளை எடுத்துவைத்ததும் சிரித்தார். "பரிசோதனைக்குக் கொண்டுவந்தீர்களா? நல்லது" என்றார் ஆங்கிலத்தில். முதலில் 4கே பிளேயரைக் காட்டினார். 399 வெள்ளி. அதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. வீட்டிலிருப்பது 4கே டிவி அல்லவா?

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஒரு விசிடி படத்தில் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் 4 லட்சம். புளூ-ரேயில் 20 லட்சம். 4கே வட்டில் 83 லட்சம். இந்தப் புள்ளிகளை எல்லாம் ஒரே அளவு வட்டில் அடக்குவது லேசரின் வேலை. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். புளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். எழுதுகோலின் முனை மெல்லியதானால் ஒரே தாளில் அதிகம் எழுதலாம் அல்லவா, அதுபோலத்தான். டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி, புளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபி.

ஆனால் வட்டில் இல்லாத புள்ளியை எந்தப் பிளேயரும் கொண்டுவர முடியாது. 1 லட்சம் புள்ளியை 83 லட்சமாக நீட்டும்போது இடைவெளியை ஊகித்துத்தான் நிரப்பும். அந்த வேலையை நம் டிவியே ஓரளவு செய்கிறது. எங்களிடம் 4கே வட்டு ஒன்றுகூடக் கிடையாது. இனி வாங்கப்போவதும் ஒன்றோ இரண்டோ. அதற்காக 399 வெள்ளி எதற்கு? சாதாரண புளூ-ரே பிளேயர் 169 வெள்ளிதான்.

அப்படியானால் வெறும் டிவிடி பிளேயரே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். விசிடியும் டிவிடியும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, எச்டிஎம்ஐ துளை உள்ள டிவிடி பிளேயரே போதும். பழைய பிளேயர் நன்றாக ஓடுகிறது, டிவியில் துளைதான் இல்லை என்றால், மூன்று வயரை எச்டிஎம்ஐயாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று குறைந்த விலையில் கிடைக்கிறது. நாங்களும் அதைத்தான் முதலில் முயன்றோம். எங்கள் பிளேயரின் தட்டு பாதி நாள் திறக்க மறுத்ததால் கைவிட்டோம்.

அங்கிளிடம் 169 வெள்ளிப் பிளேயர்கள் இரண்டு பிராண்டில் இருந்தன. முதலாவது விசிடியைத் தள்ளிவிட்டது. இரண்டாவது நான்கையும் ஓட்டியது. நான்காவது வட்டில் திருக்கடையூர் கோபுரம் தெரிந்ததும், "போதும், போதும், நிறுத்தச் சொல்லு" என்றார் அப்பா. கடையில் வைத்துப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை.

பழைய சரக்கு ஒன்றும் இருந்தது. எல்லா வட்டாரத்துக்கும் திறந்துவிடப்பட்ட, விலை உயர்ந்த மாடல், பாதி விலையில். வேண்டாம் என்றேன். லேசர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. பழையதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கடையில் வாங்குவது நல்லது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லிக் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் இணையத்தில் தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ரசீதில் மாடல் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

நாற்பத்தொன்றாம் நிமிடம்

வீட்டுக்கு வந்து மாட்டியதும் ஒரு சிக்கல். சில டிவிடிகளில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அட்டையைப் பார்த்தால் டிடிஎஸ் ஒலி. எங்கள் புது டிவிக்கு டிடிஎஸ் புரியாது. பிளேயரின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. பிளேயரே ஒலியைப் பிரித்து டிவிக்குப் புரியும்படி அனுப்பிவிடும். அதே இடத்தில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் வசதியும் இருந்தது. சண்டைக் காட்சியில் அலறி, வசனத்தில் முணுமுணுக்கும் தொல்லை குறைந்தது. காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில், படத் துல்லியத்தைவிட இது பெரிய உதவி.

அன்று இரவு அப்பா மணிவிழாவின் இரண்டாவது வட்டைப் போடச் சொன்னார்.

ஊர் மணிவிழா வீடியோ எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுழலும் இதயத்துக்குள் அம்மா, விரியும் தாமரைக்குள் அப்பா. தொடக்கம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டு. யார் பேசுவதும் கேட்காது. இதை ஏன் அப்பா வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போட்டுப் பார்க்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை. சடங்கைப் பார்க்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

38ஆம் நிமிடத்தில் படம் உறைந்தது. கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"நாப்பத்தொண்ணுக்குப் போகணும்" என்றார்.

"எதுக்குப்பா?"

"அங்க பாட்டு இல்ல. வீடியோக்காரப் பையன் பாட்டுப் போட மறந்துட்டான். உங்கம்மா அவனைப் பாத்து, சாப்பிட்டியா தம்பின்னு கேப்பா."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா இறந்தபோது எங்கள் யாரிடமும் வீடியோ எடுக்கும் கைப்பேசி இல்லை. அம்மாவின் குரல் இருக்கும் இடம் அந்த ஒன்றுதான் என்பது பதினான்கு ஆண்டுகளாக அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

வட்டை எடுத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக்கூடாது. திரும்பப் போட்டேன். அதே இடத்தில் நின்றது. பழுது பிளேயரில் இல்லை. கடையில் வாங்கும் வட்டில் படம் ஆலையில் அச்சாகப் பதிந்திருக்கும். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதியும் வட்டில், லேசரால் சுட்ட சாயப் பூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. வெயில், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு எதிரி. நம் ஊரில் கட்டிலுக்குக் கீழே பதினாறு ஆண்டுகள் இருந்தால் என்ன ஆகும்?

பக்கத்து புளோக்கில் இருக்கும் நண்பனிடம் கணினியில் மாட்டும் டிவிடி டிரைவ் இருந்தது. வாங்கி வந்தேன். படிக்க முடியாத இடத்தை மெதுவாகத் திரும்பத் திரும்பப் படித்து நகலெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தபோது 38ஆம் நிமிடத்தில் சில விநாடிகள் மட்டும் போயிருந்தன. பந்தியில் யாரோ இலை போடும் காட்சி. 41 இருந்தது. சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்து, அம்மா கேட்கிறார்: "சாப்டியா தம்பி?"

நகலை இரண்டு தனித்தனி வன்தட்டில் வைத்தேன். அக்காவுக்கு ஒன்று அனுப்பினேன். புதுப் பிளேயரில் யுஎஸ்பி துளை இருப்பதால் சிறு குச்சியில் போட்டே பார்க்கலாம் என்று அப்பாவிடம் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "சிடியாவே குடு" என்றார். சோனி நிறுவனம் பிப்ரவரியோடு பதிவு செய்யும் வெற்றுப் புளூ-ரே வட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், வெற்று டிவிடி இன்னும் கிடைக்கிறது. ஒன்றுக்கு மூன்றாகப் பதிந்து கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் திருமணம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஏதாவது ஒரு வட்டு இருக்கும். பிளேயர் வாங்குவதற்கு முன்பு அதை நகலெடுத்துவிடுங்கள். பிளேயரை அடுத்த மாதம் வாங்கலாம். வாங்கும்போது விளம்பர அட்டையைப் படிப்பதோடு நிற்காமல், உங்கள் பெட்டியிலிருந்து நான்கு வட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா ஒரு படம் தேர்ந்தெடுக்கிறார். போன வாரம் 'கர்ணன்'. 1964ல் வந்த அந்த வண்ணப் படத்தை 2012ல் மின்னிலக்க முறையில் சீரமைத்துத் திரையிட்டார்கள். பெட்டியில் இருப்பதோ அதற்கும் முந்தைய விசிடி. பெரிய திரையில் முகங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தன. பையன் முதலில் முகம் சுளித்தான். பிறகு சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதல் வட்டு முடிந்ததும், "தாத்தா, நின்னுபோச்சு" என்றான்.

"நிக்கலப்பா, இடைவேளை. எழுந்து அடுத்ததைப் போடு" என்றார் அப்பா.

நான் தேநீர் வைக்கப் போனேன்.